டைனமிக் லிங்கரை விட்டு ப்ரீலிங்க் போன கதை

[திரை: கருப்பு டெர்மினல். கமாண்ட் மெதுவாக டைப் ஆகிறது.]

உங்க லினக்ஸ்ல டெர்மினலைத் திறந்து எல்டிடி-ன்னு அடிச்சு, பக்கத்துல எல்எஸ் (ஃபைல் பட்டியல் காட்டுற கமாண்ட்) இருக்கிற பாதையைக் கொடுங்க. எல்எஸ் ஓடறதுக்குத் தேவையான லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் பகிர்ந்துக்கிற கோட் ஃபைல், எல்லாம் வரிசையா வரும். ஒவ்வொரு வரியோட கடைசியிலயும் நீளமா ஒரு எண் இருக்கும். மெமரியில அந்த லைப்ரரி உட்கார்ந்த இடம் அது. இப்போ அதே கமாண்டை மறுபடி அடிங்க. எண் மாறியிருக்கும்.

[திரை: இரண்டு முறையும் வந்த எண்கள் அருகருகே.]

லைப்ரரியைத் தேடி எடுத்து மெமரியில ஏத்துறது டைனமிக் லிங்கர். எந்த ஃபங்ஷன் எந்த முகவரியில இருக்குன்னு பார்த்து நிரப்புறதும் அதுதான். இதை ரீலொகேஷன்னு சொல்லுவாங்க. 2000-களோட தொடக்கத்துல, கேடிஇ டெஸ்க்டாப் மாதிரி பெரிய சி++ புரோகிராமுக்கு இந்த நிரப்புற வேலை ஆயிரக்கணக்குல வரும். ஐகானைக் கிளிக் பண்ணிட்டுக் காத்திருக்கணும்.

அதுக்காக ரெட் ஹாட்டைச் சேர்ந்த யாகுப் யெலினெக் எழுதினதுதான் ப்ரீலிங்க். ரயில்ல சீட் ரிசர்வ் பண்ற மாதிரி, ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு இடத்தை முன்னாடியே ஒதுக்கி, கணக்கையும் போட்டு ஃபைலுக்குள்ளயே எழுதிடும். அந்தக் காலத்துக்கு அருமையான யோசனைன்னுதான் நான் சொல்லுவேன்.

ஆனா 2005-ல, லினக்ஸ் கர்னல் 2.6.12-ல, மெமரி இடத்தை ஒவ்வொரு தடவையும் கலைச்சுப் போடுற பாதுகாப்பு வந்துச்சு. எது எங்க இருக்குன்னு தாக்க வர்றவனுக்குத் தெரியக் கூடாது. ப்ரீலிங்குக்கோ இடம் மாறாம இருந்தாத்தான் வேலையே நடக்கும். நாளடைவுல ஆட்கள் அதைக் கைவிட்டுட்டாங்க.

[திரை: சோர்ஸ் கோட் மெதுவாக நகர்கிறது.]

ஆனா லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியோட லிங்கருக்குள்ள அதுக்கான கோட் அப்படியே கிடந்துச்சு. முகவரி மோதலைச் சரிபண்ண ஒரு தனி ஃபைல், ஒவ்வொரு ப்ராசஸருக்கான ஃபைல்லயும் சில வரிகள், இதுக்குன்னே ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிள் (புரோகிராமுக்கு வெளியில இருந்து கொடுக்கிற மதிப்பு). "இது ப்ரீலிங்க் ஆனதா?"ன்னு ஒரு கேள்வி. பதில் எப்பவும் இல்லைதான்.

கிடந்துட்டுப் போகட்டுமேன்னு விட முடியாத இடம் இது. ரூட் அதிகாரத்தோட, அதாவது முழு அதிகாரத்தோட, ஓடுற சுடோ கமாண்டுக்கும் முதல்ல ஓடறது இந்த லிங்கர்தான். 2023-ல வெளியான லூனி டியூனபிள்ஸ் ஓட்டையை எடுத்துக்கோங்க. என்விரான்மென்ட் வேரியபிள் ஒண்ணைப் படிக்கிற கோட்ல ஒரு பிழை, சாதாரண யூசர் ரூட் ஆயிடலாம். அது 2021-ல சேர்ந்த புது கோட், ப்ரீலிங்க் இல்ல. ஆனா இங்க ஒரு வரி தப்பானா விலை என்னன்னு அது காட்டிடுச்சு. யாருக்கும் பயன்படாத வரிக்காக அந்த ஆபத்தை எதுக்குச் சுமக்கணும்?

நீக்கினதையும் பொறுப்பாத்தான் செஞ்சாங்க. 2022 பிப்ரவரியில வந்த ஜிலிப்சி 2.35-ல "அடுத்த வெளியீட்டுல எடுத்துடுவோம்"னு அறிவிச்சாங்க. ஆகஸ்ட்ல வந்த 2.36-ல எடுத்துட்டாங்க.

[திரை: எல்டிடி, பக்கத்தில் வெர்ஷன் கேட்கும் ஆப்ஷன்.]

உங்க மெஷின்லயும் பாருங்க. உபுண்டு 22.04-ன்னா 2.35 காட்டும், பழைய கோட் இன்னும் உள்ள இருக்கு. டெபியன் 12-ன்னா 2.36, அதுல கிடையாது.