எந்த நேரத்தில், எந்த அளவில்: தெற்கு டிரோல் ஆப்பிள் ஆய்வுகள்

அவையோர்க்கு வணக்கம்.

இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது தெற்கு டிரோல் மாகாணம். அடிஜே ஆற்றுச் சமவெளியில் தொடங்கி வெனோஸ்டா பள்ளத்தாக்கில் 1,000 மீட்டர் உயரம் வரை, ஏறக்குறைய 18,000 ஹெக்டேரில் ஆப்பிள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆப்பிளில் சுமார் பத்தில் ஒரு பங்கு இங்கே விளைகிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் தோட்டம் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஹெக்டேர்தான். அந்தக் குடும்பம் சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 1957-இல் விவசாயிகளுக்கான ஆலோசனை வட்டம் ஒன்று உருவானது. 1975-இல் லைம்புர்க் ஆய்வு நிலையம் வந்தது. நிலையம் கண்டறிவதை ஆலோசகர்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளில் பாதி, "எப்போது?" என்பதுதான்.

உறைபனியை எடுத்துக்கொள்வோம். பூ முழுதாக விரிந்திருக்கும்போது வெப்பநிலை மைனஸ் 2 டிகிரிக்கு இறங்கினால் சேதம் தொடங்கும். மைனஸ் 4-ஐ நெருங்கினால் பெரும்பாலான பூக்கள் போய்விடும். காலையில் பார்த்தால் இதழ்கள் வெள்ளையாகத்தான் இருக்கும். பூவை நகத்தால் பிளந்து பாருங்கள்: நடுவிலிருக்கும் சூலகம் கறுத்திருந்தால் அந்தப் பூ காய்க்காது.

இதற்கு அவர்கள் செய்வது, மரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பது. கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் ஒரு கிலோ தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. தண்ணீர் தொடர்ந்து விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை, பனிக்கூட்டுக்குள் இருக்கும் பூ பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். தேவை மணிக்கு சுமார் 3.5 மில்லிமீட்டர், அதாவது ஹெக்டேருக்கு 35,000 லிட்டர். பத்து மணி நேரம் ஓடினால் மூன்றரை லட்சம் லிட்டர். தண்ணீர் வளமுள்ள ஊருக்குத்தான் இந்த முறை.

தவறு நடப்பது தொடக்கத்திலும் முடிவிலும்தான். தண்ணீர் ஆவியாகும்போது, உறைந்து கொடுத்ததைப் போல ஏழு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும். காற்று வறண்டிருக்கும் இரவில் தாமதமாகத் திறந்தால், தெளித்த நீரே பூவைக் கொன்றுவிடும். அதனால் சாதாரண வெப்பமானியை நம்பக் கூடாது. முனையில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி பூஜ்ஜியத்தைத் தொடுவதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். நடுவில் மோட்டார் நின்றாலோ, வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, தெளிக்காத தோட்டத்தைவிட மோசமான சேதம் வரும். பனிக்கட்டி கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் தண்ணீர் போதும். பால்போல மங்கினால் போதவில்லை. சூரியன் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. கட்டி தானாகக் கழன்று விழும்வரை ஓட வேண்டும்.

அடுத்தது, இந்த மாகாணத்தை அலை அலையாகத் தாக்கிய ஃபைட்டோபிளாஸ்மா நோய். ஃபைட்டோபிளாஸ்மா என்பது மரத்தின் சாற்றுக்குழாய்களில் வாழும் பாக்டீரியா வகைக் கிருமி. கிளைநுனி துடைப்பம்போலக் கொத்தாகும், காம்படிச் சிற்றிலைகள் பெரிதாகும், பழம் சிறுத்து நிறமில்லாமல் போகும். பரப்புவது சைலிட் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி. அது குளிர்காலத்தை ஊசியிலை மரங்களில் கழித்துவிட்டு வசந்தத்தில் ஆப்பிளுக்குத் திரும்புகிறது. கிருமியோ குளிர்காலத்தில் வேரில் பதுங்குகிறது. ஆகவே கிளையை வெட்டிப் பயனில்லை, மரத்தை வேரோடு பிடுங்க வேண்டும். அடிமரத்தை மட்டும் அறுத்துவிட்டு வேரை விட்டால், வேரிலிருந்து தளிர்க்கும் கன்றுகளில் நோய் மறுபடி தலைகாட்டும். வேரோடு வேர் ஒட்டியிருந்தால் பக்கத்து மரத்துக்கும் போகும். குணப்படுத்தும் மருந்து இல்லை.

இனி, அறுவடை நாள். பழத்தின் சிவப்பைப் பார்த்துப் பறிப்பது பெரிய ஏமாற்றம். உள்ளே மாவுச்சத்து எவ்வளவு சர்க்கரையாகியிருக்கிறது என்பதே கணக்கு. சுமார் 9 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, அதில் 2 கிராம் அயோடின் போட்டு, பிறகு ஒரு லிட்டராக்குங்கள். வரிசையை மாற்றினால் அயோடின் கரையாமல் அடியில் நிற்கும். பத்துப் பழங்களைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை நனைத்து ஓரிரு நிமிடம் வையுங்கள். மாவு உள்ள இடம் கருநீலமாகும். விதையறையைச் சுற்றி முதலில் வெளுக்கும், பிறகு வெளுப்பு தோலை நோக்கிப் பரவும். 1 முதல் 10 வரை மதிப்பெண்: முழுக்கக் கறுத்தால் 1, முழுக்க வெளுத்தால் 10. சோதித்த பழத்தைத் தின்னக் கூடாது.

பழத்தின் உறுதியை, சர்க்கரை அளவையும் மாவு மதிப்பெண்ணையும் பெருக்கிவந்த எண்ணால் வகுத்தால் ஸ்ட்ரைஃப் குறியீடு. உறுதி 8, சர்க்கரை 12, மாவு 4 என்றால் 8-ஐ 48-ஆல் வகுக்க 0.167. பழுக்கப் பழுக்க இது இறங்கும். ஒவ்வொரு ரகத்துக்கும் பறிக்க வேண்டிய எல்லை வேறு. முந்தினால் சேமிப்பறையில் தோல் பழுப்பாகும். பிந்தினால் சதை மொறுமொறுப்பை இழந்து மாவுபோல உதிரும்.

அந்தத் தோல் பழுப்பை மருந்தில்லாமல் தடுக்கும் வழியில் லைம்புர்க்கின் சேமிப்பு ஆய்வுகளுக்கு நல்ல பங்குண்டு. காற்றில் 21 சதவீதமுள்ள ஆக்சிஜனை அறைக்குள் 0.5 சதவீதம் அளவுக்கு இறக்குகிறார்கள். மாதிரிப் பழங்களின் தோலிலுள்ள பச்சையம் உமிழும் மெல்லிய ஒளியைக் கருவி அளந்துகொண்டே இருக்கும். பழம் மூச்சுத்திணறினால் அந்த ஒளி திடீரென ஏறும். உடனே ஆக்சிஜனைச் சற்றே உயர்த்திவிட வேண்டும். விட்டால் பழம் உள்ளே புளித்துச் சாராய வாசம் அடிக்கும்.