வேலி ஏறிய மலைப்பூ

ஊர்ப்பெயரிலேயே ஒரு மரத்தை வைத்திருக்கும் திருப்பாதிரிப்புலியூரில் நின்று பூவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் தொட்டியோடு வந்துவிட்டேன். இது செங்காந்தள். நம் மாநில மலர்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் எடுப்பது 'ஒண்செங் காந்தள்'. உங்கள் ஊர்ப் பூவும் அதில் உண்டு, 'தேங்கமழ் பாதிரி' என்று. சிதம்பரத்துத் தில்லையும் உண்டு. சரி, ஊர்ப்பெருமை போதும்.

மலைக்குரிய பூ என்று பாடினாலும் இது மலையோடு நிற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர மணல்காட்டு வேலியிலும் ஏறிவிடும். எப்படி ஏறுகிறது? இந்த இலை நுனியைப் பாருங்கள், சுருண்டு குச்சியைப் பிடித்திருக்கிறது. இலையேதான் கை.

பூவுக்கு ஆறு இதழ். விரிந்ததும் மேல்நோக்கி வளைந்து நெருப்பு மாதிரி நிற்கும். முதலில் பச்சை, அப்புறம் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. மகரந்தம் சேர வேண்டிய சூல்தண்டைக் கவனியுங்கள்: அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு ஒதுங்கி நிற்கிறது, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. அதனால் மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறவர்கள் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்.

தயிர் பிசைந்த விரலைக் 'காந்தள் மெல்விரல்' என்கிறது குறுந்தொகை. உவமை அடுக்களைக்குள் போகலாம், செடி போகக் கூடாது. செடி முழுக்க நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பார்கள்; கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். தின்றதும் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டுவதுண்டு. அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். அதையே பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையாகத் தருகிறார்கள். மாத்திரை வேறு, இடித்த கிழங்கு வேறு. நாட்டு மருந்து என்று யாராவது உருண்டை பிடித்து நீட்டினால் வாங்காதீர்கள்.

கிழங்கு ஒன்றைத் தனியாகவும் கொண்டுவந்தேன், முன்வரிசையில் சுற்றுகிறது. தொட்டவர்கள் குழாயில் கை கழுவிவிட்டுச் சுண்டலுக்குப் போங்கள்.