ரத்தக் காட்டேரிக்குத் தீனி இருக்கா? பிளட்த்ரோன் வாம்பயர் கார்டை எடைபோடும் முறை

[திரை: கருப்பு விரிப்பின் மேல் ஒரே ஒரு கார்டு. கேமரா மெதுவாகக் கிட்ட வருகிறது.]

வணக்கம் மக்களே. மேஜிக் தி கேதரிங் விளையாட்டுல 2010-ல வந்த ரைஸ் ஆஃப் தி எல்ட்ராசி செட்ல இருக்குற பிளட்த்ரோன் வாம்பயர் இது. காமன், அதாவது சுலபமா கிடைக்கிற கிரியேச்சர் (களத்துல நின்னு சண்டை போடற உயிர்) கார்டு. ஒரு கருப்பு மனா (நிலக் கார்டுல இருந்து எடுத்துச் செலவழிக்கிற சக்தி), கூட ஏதாவது ஒரு மனா, ஆக ரெண்டு மனா கொடுத்தா களத்துக்கு வரும். வந்து நின்னா 1/1. அடிக்கிறது 1, தாங்குறது 1. அதே விலைக்கு 2/2 தாராளமா கிடைக்கும்ங்கறதால, டிராஃப்ட்ல, அதாவது பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு கார்டை எடுத்துட்டு மீதியைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்து டெக் சேர்க்கிற ஆட்டத்துல, நிறைய பேர் இதைப் பார்த்ததும் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டுடுறாங்க.

இன்னொரு கூட்டம் "ஒரு கிரியேச்சரைப் பலி கொடு: இந்த டர்ன் முடியுற வரைக்கும் இதுக்கு +2/+2" அப்படிங்கற வரியைப் படிச்சதும் பாய்ஞ்சு எடுத்துடுது. ரெண்டு தரப்பும் ஒரே இடத்தைத்தான் தவறவிடுது. அந்த வரிக்கு நடுவுல ஒரு முக்காற்புள்ளி இருக்கு பாருங்க. அதுக்கு வலது பக்கம் பலன், இடது பக்கம் விலை. பலி கார்டை எடைபோடும்போது எப்பவும் இடது பக்கத்துல இருந்து தொடங்கணும்.

[திரை: "ஒரு கிரியேச்சரைப் பலி கொடு" மட்டும் வெளிச்சத்தில். மற்றது மங்குகிறது.]

இந்த விலையில மனா குறி இல்லை. டேப் குறி (கார்டைப் பக்கவாட்டுல சாய்ச்சு, பயன்படுத்தியாச்சுன்னு காட்டறது) இல்லை. டர்னுக்கு ஒரு தடவைதான்னு கட்டுப்பாடும் இல்லை. இந்த மூணும் இல்லாததுதான் கார்டோட உயிரே. காட்டேரி இப்பதான் களத்துக்கு வந்திருந்தாலும் உடனே தின்னலாம். எதிராளி டர்ன்லயும் தின்னலாம். நிலம் எல்லாம் டேப் ஆகி, கையில ஒரு மனாகூட இல்லாதப்பவும் தின்னலாம். தீனியா போற கிரியேச்சரும் டேப் ஆகியிருக்கலாம், இதே டர்ன்ல வந்ததா இருக்கலாம்.

அடுத்து ஒரு சின்னச் சொல். "ஒரு கிரியேச்சர்"னு எழுதியிருக்கு, "வேறொரு கிரியேச்சர்"னு எழுதல. அப்படின்னா காட்டேரி தன்னையே தின்னுக்கலாம். இது எதுக்கு உதவும்? உயிர் உறிஞ்சுற லைஃப்லிங்க் கிரியேச்சர் ஒண்ணு உங்களை அடிக்க வருது, காட்டேரியைக் குறுக்க நிறுத்தி பிளாக் பண்றீங்க. சேதம் விழறதுக்கு முன்னாடி காட்டேரியைத் தனக்கே பலி கொடுத்துடுங்க. வந்தவன் பிளாக் ஆனவனாவே நிப்பான். டிராம்பிள் (பிளாக்கைத் தாண்டி மிச்ச அடியை ஆள் மேல இறக்குற திறன்) இல்லேன்னா உங்க மேல அடி விழாது. எங்கயும் சேதம் விழாததால எதிராளிக்கு உயிரும் ஏறாது.

[திரை: மேசை. ஒரு கை டோக்கனை கிரேவ்யார்டுக்கு நகர்த்துகிறது. பிறகு நிற்கிறது.]

பலி ஒரு விலைங்கறதால அதைத் தடுக்க முடியாது. நீங்க டோக்கனை (வேற கார்டு உண்டாக்கின, தனக்குன்னு கார்டு இல்லாத கிரியேச்சரை) எடுத்து கிரேவ்யார்டுல (செத்த கார்டு போற குவியல்ல) வச்ச நொடியே அது முடிஞ்சுபோன காரியம். அதைக் காப்பாத்தவோ அதுக்கு முன்னாடி கொல்லவோ எதிராளியால முடியாது. அவர் ரெஸ்பான்ஸ், அதாவது குறுக்க பதில், கொடுக்கிறது ஸ்டாக்ல (நடக்கக் காத்திருக்கிற அடுக்குல; கடைசியா ஏறினது முதல்ல நடக்கும்) ஏறி நிக்கிற +2/+2-க்குத்தான். இந்த இடைவெளியிலதான் பெரும்பாலான ஆட்டம் கவிழும். அதுக்குக் கொஞ்ச நேரத்துல வர்றேன்.

கேரள எல்லையில களியக்காவிளைப் பக்கம் ஆடறவங்களுக்கு ஒரு வசதி. எதிர்ல பாறசாலைக்காரர் மலையாளத்துல பேசிட்டு உக்காந்திருந்தாலும் "பலி"ங்கற சொல் ரெண்டு மொழியிலயும் ஒண்ணுதான். அதனால வரிசை இப்படி இருக்கட்டும்: "பலி"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, எதைன்னு தொட்டுக் காட்டுங்க, கிரேவ்யார்டுக்கு நகர்த்துங்க, எதிராளி முகத்தைப் பார்த்து ஒரு நொடி நில்லுங்க. அவர் சரின்னதும் காட்டேரி மேல ஒரு பகடையை வச்சு 3/3-ன்னு காட்டுங்க. மொத்த டோக்கனையும் ஒரே வீச்சுல வாரிக் கொட்டினா, எது எப்போ நடந்துச்சுன்னு ரெண்டு மொழியிலயும் சண்டை வரும். அதைவிட மோசம், ரெண்டு பலியில நிறுத்தியிருக்க வேண்டிய இடத்துல அஞ்சையும் இழந்திருப்பீங்க.

[திரை: கணக்கு எழுத்தில். 1 + 2 × பலி.]

கணக்கு எளிது. ஒண்ணோட, பலி எண்ணிக்கையின் இரு மடங்கைக் கூட்டுங்க. நாலு பலி, 9/9. எதிராளிக்கு 20 உயிர்னா ஒன்பது பலி 19-ல நின்னுடும், பத்து வேணும். தனியா காட்டேரியாலயே ஆட்டத்தை முடிக்கிறது அபூர்வம்னு இந்தக் கணக்கே சொல்லும். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு உயிருக்கு இறங்கிட்ட ஆளைத்தான் இது முடிச்சுவைக்கும்.

எப்போ தின்ன வைக்கணும்? எதிராளி பிளாக் அறிவிச்ச பிறகு, சேதம் விழறதுக்கு முன்னாடி. அதுக்கு முன்னாடி ஒரு டோக்கன்கூட போகக் கூடாது. தாக்க அறிவிச்சதுமே 9/9 ஆக்கிட்டா, எதிராளி ஒரு 1/1-ஐ முன்னால தள்ளி பிளாக் பண்ணிடுவார், நாலு தீனியும் வீண். தின்னாம 1/1-ஆவே வந்தா அவருக்குத்தான் தலைவலி. பிளாக் பண்ணினா அந்தக் கிரியேச்சர் போகலாம், பண்ணலேன்னா 9 அடி விழலாம். கூடவே தாக்கப் போன உங்க மத்த கிரியேச்சர்ல எது பிளாக் ஆகி எப்படியும் சாகப் போகுதோ, அதுதான் முதல் தீனி. சும்மா சாக வேண்டியது காட்டேரிக்கு +2/+2 ஆகும்.

பழைய ஆட்டக்காரர்கள் சிலர் "சேதத்தை ஸ்டாக்ல ஏத்திட்டு அப்புறம் பலி கொடு, ரெண்டு லாபமும் கிடைக்கும்"னு சொல்லுவாங்க. அது 2009 வரைக்கும் சரி. அந்த வருஷம் மேஜிக் 2010 செட்டோட வந்த விதி மாற்றத்துல சண்டைச் சேதம் ஸ்டாக்ல ஏறுறது நின்னுபோச்சு. இப்போ பலி போன கிரியேச்சர் அடிக்காது.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும். 5/5 ஆன காட்டேரி 4 சேதம் வாங்கி நிக்குது, டர்ன் முடிஞ்சு +2/+2 எல்லாம் போனதும் செத்துடுமா? சாகாது. பலம் போறதும் சேதம் துடைக்கப்படறதும் ஒரே நொடியில நடக்கும்.

[திரை: லைட்னிங் போல்ட் கார்டு. பக்கத்தில் காட்டேரியும் நாலு டோக்கனும்.]

இப்போ அந்த இடைவெளி. எதிராளி கையில லைட்னிங் போல்ட், 3 சேதம். விவரமான ஆள் அதைச் சும்மா வீச மாட்டார். நீங்க முதல் டோக்கனைப் பலி கொடுக்கிற வரைக்கும் காத்திருப்பார். +2/+2 இன்னும் ஸ்டாக்ல இருக்கு, காட்டேரி இன்னும் 1/1 தான், அப்போ வீசுவார். நீங்க பதிலுக்கு ஒரு டோக்கனைத் தின்ன வச்சா 3/3 ஆகும், 3 சேதம் அதைக் கொன்னுடும். ரெண்டு தின்ன வச்சாத்தான் 5/5 ஆகிப் பிழைக்கும். ஆக மொத்தம் மூணு தீனி செலவழிச்சு ஒரு போல்ட்டைத் தாங்கறீங்க. பெரும்பாலும் அது நஷ்டம்தான். அந்த அடியில எதிராளி காலி ஆகறார்னா செய்ங்க. இல்லேன்னா காட்டேரியைப் போக விட்டுட்டு மூணு டோக்கனைக் காப்பாத்துங்க. ரெண்டு மனா கார்டுக்காக முழுக் களத்தையும் எரிக்கிறதுதான் இந்தக் கார்டை வச்சு அதிகமா நடக்கிற தப்பு. "அழி"ன்னு சொல்ற ஸ்பெல்லுக்குத் தின்ன வச்சு பலனே இல்லை. 15/15-ஆ இருந்தாலும் அழியும்.

[திரை: பித்தளை உருளியில் மஞ்சள் நீர். சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறது.]

இனி தீனி. கேரளக் கோயில்கள்ல குருதி பூஜை பார்த்திருப்பீங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச சிவப்புத் தண்ணி, ரத்தத்துக்குப் பதிலா. பலி டெக்குல டோக்கனோட வேலை அதேதான். உண்மையான கார்டு ஒண்ணைக் கொடுத்து +2/+2 வாங்கறது கொள்ளை விலை. கார்டுக்கு ஒரு கார்டு போச்சு, பலன் அந்த டர்னோட முடிஞ்சுது. மாத்தா நிக்கிற டோக்கனைக் கொடுத்தா இழப்பு சொற்பம். டோக்கனும் கிரேவ்யார்டைத் தொட்டுட்டுத்தான் மறையும், அதனால "செத்தால்" அப்படின்னு தொடங்குற எல்லாத் திறனும் அதுக்கும் வேலை செய்யும்.

இதே செட்ல எம்ரக்குல்ஸ் ஹாட்சர்னு ஒரு சிவப்புக் கார்டு இருக்கு. அஞ்சு மனா, 3/3, கூடவே மூணு 0/1 ஸ்பான் டோக்கன். தன்னையும் சேர்த்து ஒரே கார்டுல நாலு வாய்ச் சோறு. கருப்புலயே ட்ரெட் ட்ரோன், 4/1-ஓட ரெண்டு ஸ்பான். ஒரு எச்சரிக்கை: ஸ்பான் டோக்கனைப் பலி கொடுத்து ஒரு மனாவும் எடுக்கலாம். ஆனா ஒரு பலி ஒரு விலைக்குத்தான். மனாவும் வேணும் +2/+2-வும் வேணும்னா நடக்காது.

செட்டுக்கு வெளியே பார்த்தா, செத்தால் பறக்குற 1/1 ஆவியை விட்டுட்டுப் போற டூம்ட் ட்ராவலர் ரெண்டு தீனி. ரெண்டு மனாவுக்குக் கிரேவ்யார்டுல இருந்து திரும்பி வர்ற ரீஅசெம்ப்ளிங் ஸ்கெலிட்டன் தீராத தீனி. நிலம் இறக்கினா எழுந்து வர்ற பிளட்காஸ்ட் இன்னும் மேல, அதுக்கு மனாவே வேண்டாம்.

எத்தனை தீனி போதும்? டிராஃப்ட்ல 40 கார்டு டெக். ஆரம்பக் கை 7, அப்புறம் 3 டிரா, ஆக 10 கார்டு பார்த்திருக்கீங்க. தீனி தர்ற கார்டு 5 இருந்தா, அந்த 10-ல குறைஞ்சது ரெண்டு வர வாய்ப்பு நூத்துக்கு 37. எட்டு இருந்தா 66. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுலதான் இந்தக் கார்டோட மதிப்பு இருக்கு. எட்டுக்குக் கீழ இருந்தா நான் 23-வது கார்டாத்தான், அதாவது நிலம் போக டெக்குல கடைசி இடத்துக்குத்தான், சேர்ப்பேன். எட்டைத் தாண்டினா ரெண்டு காட்டேரி சேர்க்கலாம். ஒரே ஒரு காட்டேரி அந்த 10-ல வர வாய்ப்பு 25, ரெண்டு இருந்தா 44.

[திரை: எதிராளியின் பெரிய கிரியேச்சர் மேசையைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறது.]

எல்லாத்தையும் விட ருசியான தீனி எதிராளியோடது. ட்ரெய்ட்டரஸ் இன்ஸ்டிங்க்ட், நாலு மனா. எதிராளி கிரியேச்சரை இந்த டர்ன் முடியுற வரைக்கும் நீங்க எடுத்துக்கலாம், அது டேப் நீங்கி +2/+0-வோட உடனே தாக்கும். சாதாரணமா டர்ன் முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கணும். காட்டேரி இருந்தா அடிச்சு முடிச்ச கையோட பலி கொடுங்க. அது சொந்தக்காரர் கிரேவ்யார்டுக்குப் போயிடும், திரும்பிக் களத்துக்கு வராது. அழிக்க முடியாததுன்னு எழுதின கிரியேச்சரும் இதுக்குத் தப்பாது, பலி அழிவு இல்லை. கவனிக்க வேண்டியது: சேதம் விழுந்த பிறகு பலி கொடுங்க. ஆனா திருடி வந்ததை அவங்க பிளாக் பண்ணி, காட்டேரியை விட்டுட்டாங்கன்னா, சேதத்துக்கு முன்னாடியே தின்ன வச்சு 3 அடியா ஏத்திக்கிறது மேல். டர்ன் முடியுற ஸ்டெப் தாண்டவிட்டா கிரியேச்சர் கை மாறிடும், அப்புறம் பலி கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

[திரை: பிளட் ஆர்ட்டிஸ்ட்.]

பிளட் ஆர்ட்டிஸ்ட்டும் காட்டேரி இனம்தான். 2012, அவாசின் ரெஸ்டோர்ட். ரெண்டு மனா, 0/1. தானோ வேற எந்தக் கிரியேச்சரோ செத்தா, குறி வச்ச ஆளுக்கு ஒரு உயிர் குறையும், உங்களுக்கு ஒண்ணு ஏறும். இது பக்கத்துல இருந்தா பிளட்த்ரோன் வேற கார்டு ஆகிடும். எதிராளி பிளாக் பண்ணினாலும் நாலு பலிக்கு 4 உயிர் போயே தீரும். கடைசியில காட்டேரியைத் தனக்கே கொடுத்தா அஞ்சாவது. ஆர்ட்டிஸ்ட்டையும் சேர்த்து ஆறுன்னு நிறைய பேர் கணக்குப் போடறாங்க, அது தப்பு. காட்டேரி போயிட்டா ஆர்ட்டிஸ்ட்டைத் தின்ன ஆள் இல்லை. ஆர்ட்டிஸ்ட் முதல்ல போனா காட்டேரி சாவை எண்ண ஆள் இல்லை. ரெண்டுல ஒண்ணுதான். எதிராளி 6 உயிர்ல இருக்கும்போது இந்தத் தப்பு ஆட்டத்தையே விலையா கேட்கும். ஆர்ட்டிஸ்ட்டைக் கொல்ல ரெஸ்பான்ஸ் வந்தா பதறாதீங்க, ஏற்கெனவே ஸ்டாக்ல ஏறின உறிஞ்சல் எல்லாம் நடந்தே தீரும்.

[திரை: மூன்று கார்டுகள் வரிசையாக.]

உறவுக்காரங்களை வேகமா பார்ப்போம். வாம்பயர் அரிஸ்டோக்ராட், மூணு மனா, 2/2, அதே திறன். தீனி குறைவான டெக்குக்கு இதுவே மேல், தனியா நின்னாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். விசெரா சீர், ஒரே மனா, பலிக்கு ஸ்க்ரை 1. மேல இருக்குற கார்டைப் பார்த்து வச்சுக்கவோ அடியில தள்ளவோ செய்யலாம். பலம் ஏத்தாது, ஆனா முடிவில்லாச் சுழற்சி போடற டெக்கு எல்லாம் இதைத்தான் தேடும். பால்கன்ராத் அரிஸ்டோக்ராட், நாலு மனா, பறக்குற 4/1, வந்ததும் தாக்கும், பலி கொடுத்தா அழியாது. 2013-ல மான்ட்ரியல்ல நடந்த புரோ டூர் கேட்கிராஷ் போட்டியை டாம் மார்டெல் ஜெயிச்சது இதை வச்சுத்தான். பலி டெக்குக்கே அரிஸ்டோக்ராட்ஸ்ங்கற பேர் அந்த டெக்குல இருந்து வந்துச்சு.

கமாண்டர்ங்கற ஆட்ட வகையில ஆளுக்கு 40 உயிர். 41 அடி அடிக்க இருபது பலி வேணும், அதனால அங்கே பிளட்த்ரோனோட +2/+2-வை மறந்துடுங்க. இலவசமா பலி கொடுக்கிற ஒரு வாசல்னு மட்டும் மதிப்பு போடுங்க. அந்த வேலைக்கு விசெரா சீர் ஒரு மனா மலிவு.

[திரை: எதிர்ப்பக்கத்தில் இருந்து மேசை. எதிரே காட்டேரியும் மூன்று டோக்கனும்.]

எதிர்ல இது நின்னா? முதல்ல டோக்கனை எண்ணுங்க, காட்டேரியை அப்புறம் பாருங்க. மூணு டோக்கன்னா வரக்கூடியது 7 அடி. உங்க உயிர் 8 அல்லது அதுக்கு மேல இருந்தா பயந்துபோய் நல்ல கிரியேச்சரை வச்சு பிளாக் பண்ண வேண்டாம். 7 அல்லது அதுக்குக் கீழன்னா உங்ககிட்ட இருக்கறதுல மட்டமானதை வச்சு கட்டாயம் பிளாக் பண்ணுங்க. அவர் தின்ன வச்சா அவர் களம் காலி, தின்ன வைக்கலேன்னா 1/1 உங்க பிளாக்கருக்கு முன்னால நிக்குது. கொல்ற ஸ்பெல் இருந்தா உங்க டர்ன்ல செலவழிக்காதீங்க. முதல் டோக்கன் கிரேவ்யார்டைத் தொட்டதும், பகடை கார்டு மேல ஏறுறதுக்கு முன்னாடி, "நில்லுங்க, ரெஸ்பான்ஸ்"னு சொல்லிட்டு வீசுங்க.