கனடா ஆற்றுக்கு ஒரு ராடு: குறைந்த செலவில் சால்மனுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் எதை வாங்குவது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய மணலில் நின்று இந்தப் பதிவைச் செய்கிறேன். காற்று பலமாக இருப்பதால் இடையிடையே ஒலி தெளிவில்லாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் படிப்பதற்காகக் கனடா சென்றிருக்கும் தம்பிகள் பலர், அங்கே சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் ஆற்றில் ஏறும் பருவத்தில் ஃபிளை ராடு (இறகு கட்டிய முள்ளை வீசும் தூண்டில் கம்பு) கொண்டு மீன் பிடிக்க ஆசைப்படுவதாகவும், ஆனால் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் எதை வாங்குவதென்று புரியவில்லை என்றும் எழுதுகிறார்கள். ஒன்டாரியோவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபோது, டொரொண்டோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் ஹோப் என்னும் ஊர் வழியாக ஓடும் கனரஸ்கா ஆற்றில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 அடி நீளமும் நான்கு துண்டுகளும் கொண்ட 8 வெயிட் ராடு ஒன்றை, கடையில் இருப்பவற்றுள் விலை குறைந்த வரிசையிலேயே பார்த்து வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை நூலிலும் ரீலிலும் போடுங்கள்.

அந்த 8 என்ற எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் ஊரில் தூண்டில் வீசும்போது ஈயக்குண்டின் கனம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃபிளை தூண்டிலில் முள்ளின்மேல் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் நூலிழையும் மட்டுமே, ஊதினால் பறந்துவிடும். ஆகவே வீசுவதற்கு வேண்டிய கனத்தை நூலிலேயே வைத்து, தடிமனான பூச்சு கொடுத்துச் செய்கிறார்கள். அந்த நூலின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதைக் கொண்டே எண் கொடுக்கப்படுகிறது: 5 வெயிட் நூலுக்கு அது ஏறத்தாழ 9 கிராம், 8 வெயிட் நூலுக்கு ஏறத்தாழ 13.6 கிராம். ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலே எழுதியிருக்கும் எண், அந்த ராடு எந்த நூலைத் தூக்கி வீசுவதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. ராடின் எண்ணுக்கும் நூலின் எண்ணுக்கும் அதிக வித்தியாசம் இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ராடாக இருந்தாலும் நூல் காலடியில்தான் விழும்.

இனி மீனைப் பார்ப்போம். ஒன்டாரியோ ஏரியிலிருந்து செப்டம்பரில் ஆறேறும் சினூக் சால்மன் 15, 20 பவுண்டு எடையுடன் சாதாரணமாக வரும். கோஹோ என்னும் இன்னொரு வகைச் சால்மன் அதைவிடச் சிறியது. ஸ்டீல்ஹெட் உண்மையில் சால்மன் அன்று. கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட் மீன்தான் அது. சினூக், கோஹோ போன்ற பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டுகளில் பல பிழைத்து மீண்டும் கடலுக்கோ ஏரிக்கோ திரும்பும். இலையுதிர்கால மழையில் தொடங்கி வசந்தம் வரை அது ஆற்றில் கிடைக்கும் என்பதால், உங்கள் ராடு பெரும்பாலும் அதைத்தான் சந்திக்கப்போகிறது. அதற்கு 7 வெயிட் போதும் என்பார்கள். சினூக்குக்கு மட்டும் என்றால் 9 அல்லது 10 வேண்டும் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் ஒரே ராடு வாங்கத்தான் பணம் இருக்கிறது என்கிறபோது இரண்டுக்கும் நடுவில் நின்று தாங்குவது 8 வெயிட்தான்.

இதை நான் நட்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஆண்டில் ஒரு கடைக்காரர் எல்லா மீனுக்கும் இது போதும் என்று சொல்லிக் கொடுத்த 5 வெயிட் ராடும் ரீலும் சேர்ந்த செட் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். மாட்டியது ஒரு சினூக். ராடு கைப்பிடி வரை வளைந்து நின்றதே தவிர, மீனின் தலையைத் திருப்ப அதனால் முடியவில்லை. நெடுநேரம் இழுபட்டுக் கரைக்கு வந்த அந்த மீனை முகம் நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடித்துக்கொண்டு நின்றேன். செவுள் மிக மெதுவாகத்தான் அசைந்தது, கையை எடுத்தபோதெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்தது. முட்டையிட ஏறி வந்த மீனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது. மெல்லிய ராடு வேண்டாம் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

நீளத்தைப் பொறுத்தவரை, கடைகளில் அதிகம் கிடைப்பது 9 அடி ராடு. அதிலும் மீன் பிடிக்கலாம். ஆனால் இந்த ஆறுகளில் ஸ்டீல்ஹெட்டுக்குத் தக்கை கட்டி, சால்மன் முட்டை போன்ற ஃபிளையை அடியில் மிதக்கவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும். ஏனெனில் சால்மன் இடும் முட்டையைத் தின்னவும் ஸ்டீல்ஹெட் பின்தொடர்கிறது. நடுவில் ஓடும் வேகமான நீர் நூலை இழுத்தால் தக்கையும் சேர்ந்து ஓடிவிடும், ஃபிளை இயல்பாக மிதக்காது. நூலைத் தூக்கி நீரோட்டத்தின் மேல்பக்கமாக மாற்றிப் போடும்போது அந்தக் கூடுதல் ஓர் அடி மிகவும் உதவுகிறது. இரண்டு கையாலும் வீசும் 13 அடி ஸ்பே ராடுகள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கீனா போன்ற அகன்ற ஆறுகளுக்கானவை. ஒன்டாரியோவில் படிப்பவர்கள் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

கடையில் ராடைக் கையில் எடுத்ததும், இதோ நான் இப்போது காட்டுவதுபோல் நான்கு துண்டுகளையும் பொருத்துங்கள். கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், இந்த இணைப்பைப் பாருங்கள்: மேல்துண்டு கீழ்த்துண்டின்மீது அமர்ந்த பிறகும் முழுமையாக முட்டாமல் சிறிது இடைவெளி தெரிகிறது. இணைப்பு தேயத் தேய உள்ளே இறங்குவதற்கு அந்த இடம் வேண்டும். லேசாக ஆட்டும்போது கிளிக் என்ற ஓசை வந்தால் அந்த ராடை வைத்துவிடுங்கள். பிறகு ஒரு பஞ்சுத்துண்டை எடுத்து வளையங்களுக்குள் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது, அது நூலின் பூச்சைச் சுரண்டிவிடும். கைப்பிடிக்குக் கீழே வயிற்றில் ஊன்றிக்கொள்ளும் சிறிய அடிக்கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய மீனோடு நிற்கும்போது மணிக்கட்டைக் காப்பது அதுதான்.

மொத்தம் 400 கனடிய டாலர் கையில் இருந்தால், ராடுக்கு 180, ரீலுக்கு 100, நூலுக்கு 80, மீதியைப் பேக்கிங் (ரீலில் நூலுக்கு அடியில் சுற்றும் மெல்லிய கூடுதல் நூல்), லீடர் (நூலின் முனையில் ஃபிளையைக் கட்டும் மெல்லிய தங்கூசி), ஃபிளைகளுக்கு என்று நான் பிரிப்பேன். ரெடிங்டன், எக்கோ, டெம்பிள் ஃபோர்க் ஆகிய நிறுவனங்களின் தொடக்க வரிசைகளைப் பாருங்கள். பருவம் முடிந்ததும் பல கடைகளில் விலை இறங்கும். பழைய ராடு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும். ரீலில் டிஸ்க் டிராக், அதாவது மீன் நூலை இழுத்து ஓடும்போது தடுத்துப் பிடிக்கும் பிரேக், இருக்க வேண்டும், 150 கஜம் பேக்கிங் கொள்ள வேண்டும். மற்ற அலங்காரங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒன்டாரியோவின் மீன்பிடி உரிமமும், அதனுடன் வைத்திருக்க வேண்டிய அவுட்டோர்ஸ் கார்டு என்னும் அட்டையும் இல்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள், எந்தப் பகுதி எந்த மாதத்தில் மூடப்பட்டிருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நான்கு துண்டு ராடு என்று நான் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு துண்டும் இரண்டரை அடிதான் என்பதால் பெட்டிக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம். கனரஸ்காவில் ஸ்டீல்ஹெட் இழுத்த அதே 8 வெயிட் ராடுதான் இப்போது என் கையில் இருப்பது. இன்று காலை இதே முகத்துவாரத்தில் ஒரு கொடுவாக்குட்டி இதில் மாட்டியது, அதை விட்டுவிட்டேன். உப்பு நீரில் பயன்படுத்தினால் அன்றே ராடு, ரீல், நூல் மூன்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, நான் கிளம்புகிறேன். உங்கள் ஊரில் ஓடும் ஆற்றின் பெயரை எழுதுங்கள். அந்த ஆற்றுக்கு ஏற்ற நூலைப் பற்றி அடுத்த பதிவில் பேசுகிறேன்.