வைரஸ் இருப்பது கல்லீரலில், சர்க்கரை ஏறுவது ரத்தத்தில்

அனைவருக்கும் வணக்கம்.

சர்க்கரை நோய் என்றதும் எல்லோருக்கும் கணையம்தான் நினைவுக்கு வரும். இன்சுலினைச் சுரப்பது அதுதான், சரி. ஆனால் சுரந்த இன்சுலின் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். ஏறக்குறைய பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சம்தான் தசைக்கும் கொழுப்புக்கும். வயிறு காலியாக இருக்கும்போது ரத்தத்தில் சர்க்கரையை விடுவது கல்லீரல். சாப்பிட்டதும் "போதும், நிறுத்து" என்பது இன்சுலின். அந்தப் பேச்சு கல்லீரலின் காதில் ஏறாமல் போனால், அதுதான் இன்சுலின் எதிர்ப்பு.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் கைவைப்பது இங்கேதான். இன்சுலின் செல்லின் மேல் ஒட்டியதும், செய்தியை உள்ளே கொண்டுபோக ஐஆர்எஸ்-1 என்ற புரதம் வேண்டும். வைரஸின் உள்கூட்டை உருவாக்கும் 'கோர்' புரதமோ, அந்த ஐஆர்எஸ்-1-ஐச் சிதைக்கும் வேறு புரதங்களைத் தூண்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, அழற்சியில் பெருகும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதம் மிஞ்சியதையும் முடக்கிவிடும். கணையம் விடாமல் இன்னும் இன்னும் சுரக்கும். ஒரு கட்டத்தில் அதுவும் ஓய்ந்துபோகும்.

"கல்லீரல் சுருங்கிப்போனால் சர்க்கரை ஏறத்தானே செய்யும், வைரஸைக் குறை சொல்வானேன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. கோர் புரதத்தின் மரபணுவை மட்டும் எலிகளுக்குள் சேர்த்தார்கள். சிரோசிஸ், அதாவது அந்தக் கல்லீரல் சுருக்கம் இல்லை, உடல் பருமன் இல்லை. இன்சுலின் எதிர்ப்பு மட்டும் வந்தது. முழுச் சர்க்கரை நோய் வந்ததோ, கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த பிறகுதான். அதே தீனியைத் தின்ற சாதாரண எலிகளுக்கு வரவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தக் கூட்டுதான். வைரஸ் பாதி வேலையை முடித்து வைக்கிறது, எடை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. 2000-இல் வந்த அமெரிக்க ஆய்விலும், 40 வயதைத் தாண்டிய ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், வைரஸ் இல்லாதவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் தென்பட்டது. ஹெபடைடிஸ் பி-யில் இவ்வளவு தெளிவான தொடர்பு தெரியவில்லை.

இன்சுலின் எதிர்ப்பு இருந்தால் கல்லீரல் தழும்பும் வேகமாக ஏறும். அதனால் ஹெபடைடிஸ் சி உள்ளவர் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்; கல்லீரல் என்சைம் ஏறியிருக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்ய வேண்டும். சிரோசிஸ் வந்தவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருக்கலாம், சாப்பிட்ட பிறகு எகிறலாம். மூன்று மாதச் சராசரி என்று நம்பும் எச்பிஏ1சி-யும் அவர்களிடம் குறைத்துக் காட்டலாம், சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துவிடுவதால். ஆகவே சாப்பிட்ட பின் எடுக்கும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

இப்போதுள்ள மாத்திரைகள் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களில், நூற்றுக்கு 95 பேருக்கு வைரஸை ஒழித்துவிடுகின்றன. அப்புறம் பலருக்கு இன்சுலின் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். பழைய அளவிலேயே இன்சுலின் ஊசியோ மாத்திரையோ தொடர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். எனவே வைரஸ் மாத்திரை தொடங்கும் நாளிலேயே சர்க்கரை மருத்துவரிடமும் சொல்லி, சர்க்கரையை அடிக்கடி பார்த்து, அவர் சொல்கிறபடி மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் சர்க்கரை இறங்கிவிடாது. எடை கூடியவர்களுக்கு அது அப்படியே நிற்கவும் செய்யும்.