சீரியலில் யார் வேலைக்குப் போகிறார்கள்?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கடலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிற அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம். நான் பாம்பனில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரேடியோவில் சீரியலைப் பற்றிப் பேச வாருங்கள் என்றார்கள், வந்துவிட்டேன். "நான் எங்கே பார்க்கிறேன், வீட்டில் ஓடும், காதில் விழும்" என்று சொல்கிற ஆள் நானில்லை. உட்கார்ந்து பார்க்கிறவள். 1999-ல் சன் டிவியில் 'சித்தி' வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். 'கோலங்கள்' 2003-ல் தொடங்கி 2009-ல் முடிந்தது. அது தொடங்கியபோது என்னிடம் பாவாடை தைத்துக்கொண்ட பிள்ளைகள், முடிகிறபோது கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தார்கள். அவ்வளவு நீளம்.

சரி, இப்போது ஓடுவதற்கு வருவோம். விஜய் டிவியில் 'சிறகடிக்க ஆசை'. 2023 ஜனவரியில் ஆரம்பித்தது. முத்து கார் ஓட்டுகிறான், மீனா பூ கட்டி விற்கிறாள். ரோகிணி என்று இன்னொரு மருமகள். முதல் கல்யாணத்தையும் கிரிஷ் என்கிற மகனையும் மறைத்து, மலேசியாவில் பணக்கார அப்பா இருப்பதாகப் பொய் சொல்லி வந்தவள். பார்க்காதவர்களுக்கு இவ்வளவு போதும். பார்க்கிறவர்கள் இதற்குள் பல்லைக் கடித்திருப்பீர்கள்.

இதை வைத்து ஒரு கதை சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், உங்களுக்குத் தெரியாததா. விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் எல்லாம் ராத்திரி வீட்டில். ரிமோட் யார் கையில் என்பதுதான் அப்போது தெருவில் பெரிய வழக்கு. எதிர்வீட்டு மாமா ஒருவர், "பொம்பளைகளுக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டு நடையில் வந்து உட்காருவார். கையில் கிழிந்த வலை. டிவிக்கு முதுகைக் காட்டி வலையைச் சரிபார்ப்பார். கொஞ்ச நாளில் பக்கவாட்டில் திரும்பினார். அப்புறம் நேராகவே திரும்பிவிட்டார். வலை மடியில் சும்மா கிடந்தது.

திரும்பியதோடு விட்டாரா? கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் எல்லாரும் ரோகிணி மாட்டுவாளா மாட்டாளா என்று மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறோம். கேமரா மாமியார் முகம், மருமகள் முகம், மறுபடி மாமியார் முகம் என்று போய்க்கொண்டிருக்கிறது. மாமா கேட்கிறார்: "இந்தப் புள்ள மீனா பூவை எங்க எடுக்குது? எத்தனை மணிக்கு எந்திரிக்கும்? கடன்ல எடுக்குதா, காசு குடுத்தா?" என் மதினி "சும்மா இருங்க" என்று அதட்டினாள். அவர் விடவில்லை. "இவுக வீட்டுப் பஞ்சாயத்து முடியுறதுக்குள்ள அந்தப் பூ வாடிப்போகுமே, அத யாரு வாங்குவா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் ராத்திரி படுத்தபிறகு யோசித்தேன். கேட்டது சரிதானே? பிடித்த மீன் விலைபோகிறவரை ஐஸ் தாங்குமா என்று கணக்குப் பார்த்தே பழகிய மனுஷன். பூவைப் பார்த்தாலும் அதே கணக்குத்தான் வருகிறது.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. எந்த சீரியல் பார்த்தாலும், இதில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று பார்க்கிறேன். கதையில் வேலை இருக்கிறவரை அந்த சீரியல் நன்றாக இருக்கிறது. வேலை காணாமல் போகிற வாரத்தில் ஆள் கடத்தல் வருகிறது, பாலில் விஷம் வருகிறது, லாரி மோதுகிறது. நீங்களும் கவனித்துப் பாருங்கள். முத்து சவாரிக்குப் போய்விட்டு வந்து அப்பாவிடம் பேசுகிற நாள் எவ்வளவு நன்றாக இருக்கிறது! கார் தவணை, பூ விற்ற காசு, வீட்டுச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று சண்டை வந்தால் கடையில் நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசுவோம். ரோகிணியின் ரகசியத்தைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை. அது லேசில் வெளியே வராது என்று எங்களுக்குத் தெரியும். வருகிற மாதிரி வரும், ஒரு போன் அடிக்கும், போய்விடும். சீரியல் எடுக்கிறவர்கள் கஷ்டமும் புரிகிறது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடம்போலத்தான் கதை. அதைத் தினம் நிரப்ப வேண்டும், வியாழக்கிழமையானால் ரேட்டிங் வேறு வந்து நிற்கும். ஒரு ரகசியத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டாமல் என்ன செய்வார்கள்? ஓட்டட்டும். நடுவில் அந்தப் பூவை மறக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு பழைய நினைப்பு. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி டிவி வந்த பிறகு, நம் கரையில் உயரமாக ஆண்டெனா கட்டி அதைத்தான் பார்த்தோம். நான் அப்போது சின்னப் பிள்ளை. சிங்கள நாடகம் ஓடும், பேச்சு ஒன்றும் புரியாது. ஆனாலும் ஒரு பெண் தேங்காய் துருவிக்கொண்டே கோபப்பட்டால், யார்மேல் கோபம், எதற்காகக் கோபம் என்று எங்கள் ஆச்சி சொல்லிவிடுவார். கை செய்கிற வேலையிலேயே கதை தெரிந்துவிடும்.

அப்புறம் 'எதிர்நீச்சல்'. 2022-ல் தொடங்கி 2024-ல் முடிந்து, இப்போது இரண்டாம் பாகம். அந்த வீட்டில் நான்கு மருமகள்களும் சமையலறையில் குசுகுசு என்று பேசுவதுதான் எனக்கு உயிர். நான்தான் சம்பாதித்தேன் என்று ஒருவர் ஹாலில் உட்கார்ந்து அதட்டுவார், சோறு உள்ளேயிருந்து வரும். அந்த ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தபோது தெருப் பிள்ளைகள்கூட "இந்தாம்மா, ஏய்" என்று கூப்பிட்டுத் திரிந்தார்கள். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்திலேயே உடம்புக்கு முடியாமல் போய் அவர் இறந்துவிட்டார். தினமும் அவரைத் திட்டித் தீர்த்த ஒரு ஆச்சி என் கடையில் வந்து உட்கார்ந்து அழுதது. அவருக்குப் பதில் வந்தவர் நம் மாவட்டத்துப் பெருநாழிக்காரர், எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. நம்மூர்க்காரர் என்று பெருமைதான். ஆனாலும் அவர் மீசையில் இருக்கிற மிரட்டல் வேறு, முந்தியவரின் நக்கல் வேறு. எனக்கு மனசு ஒட்ட நாளானது. நடிப்பில் குறை சொல்ல மாட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். ஐயோ, நான் பேச வந்ததே இனிமேல்தான் இருக்கிறது! சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பார்த்த சீரியல்களில் கடல் எதற்கு வருகிறது? அழுவதற்கு. இல்லையென்றால் ராமேசுவரத்தில் பரிகாரம் செய்ய. அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். படகுக்காரன் வீட்டுக்குள் கேமரா வந்து நான் பார்த்ததில்லை. தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற நம் பெண்கள், விரலில் துணியைச் சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி மூழ்குகிறார்களே, அவர்களில் ஒருத்தியைக் கதாநாயகியாகப் போட்டால் என்ன? படகுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், டீசலுக்கு யார் கொடுத்தார்கள், பாசிக்கு வியாபாரி என்ன விலை சொன்னார்... ஆறு மாதத்துக்கு இதுவே போதும். மாமியாரும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்தியிலிருந்து டப்பிங் செய்து வருகிறவற்றைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். நேரமில்லை என்கிறார்கள். இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.