புக்கிட் தீமா வண்டுகளும் இயற்கைத் தேர்வும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

பரிணாமம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு டார்வினும் கலாப்பகோஸ் தீவுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கொள்கையின் இன்னொரு வேர் நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டிலும் ஓடியிருக்கிறது. அதை இங்கே வாழும் நாமே அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

1854 ஏப்ரலில் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வந்திறங்கினார். வயது 31. பரம்பரைச் சொத்தும் கிடையாது, பல்கலைக்கழகப் பட்டமும் கிடையாது. பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து லண்டனுக்கு அனுப்புவார். அங்கே ஒரு முகவர் அவற்றை விற்றுத் தரும் பணம்தான் பிழைப்பு. அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் பாடுபட்டவர். அங்கே சேர்த்தவற்றில் பெரும்பகுதி 1852இல் நடுக்கடலில் கப்பலோடு எரிந்துபோயிற்று. அத்தனையும் இழந்த மனிதர் இரண்டே ஆண்டுகளில் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாரே, அந்த நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது!

புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். காட்டில் ஆங்காங்கே புலிக்குழிகள். மேலே குச்சியும் தழையும் பரப்பி மறைத்திருப்பார்கள். சீனத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக அங்கே மரம் வெட்டி அறுத்து வந்தார்கள். விழுந்த இலை, உரிந்த பட்டை, மரத்தூள், உளுத்த கிளை என எல்லாம் வண்டுப் புழுக்களுக்கு உணவாயிற்று. சுமார் இரண்டே மாதங்களில் வாலஸ் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். அவற்றில் 130 வகைகள் நீண்ட உணர்கொம்பு கொண்டவை. ஏறக்குறைய எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டுத் துண்டில் கிடைத்தவை. இதற்கு அந்த மரவெட்டிகளின் உழைப்பே காரணம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

விற்பதற்காகச் சேகரிப்பவர் ஒரு வகைக்கு ஒரு வண்டோடு நிறுத்த முடியாது. ஒரே வகையில் பல வேண்டும். அவற்றை வரிசையாகக் குத்தி வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கு முதுகுப் புள்ளி சற்றுப் பெரிதாக இருக்கும். இன்னொன்றுக்குக் கொம்பு சற்று நீண்டிருக்கும். அக்காலத்து அறிஞர்கள் பலர் இந்தச் சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு வகைக்கும் மாறாத இலட்சண வடிவம் ஒன்று உண்டு, மற்றதெல்லாம் தற்செயலான பிசகு என்று எண்ணினார்கள். இயற்கைத் தேர்வு என்ற கொள்கையே அந்தப் 'பிசகு'களில்தான் தொடங்குகிறது. இன்று நான் சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான்.

1855இல் சரவாக்கிலிருந்து வாலஸ் ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் புதிய உயிரினமும் தன்னை நெருங்கிய ஓர் உயிரினம் ஏற்கெனவே இருந்த இடத்தில், இருந்த காலத்தை ஒட்டியே தோன்றியிருக்கிறது என்றார். ஆனால் எப்படித் தோன்றியது? விடை 1858 பிப்ரவரியில், மலுக்குத் தீவுகளில், குளிர்காய்ச்சலோடு படுத்திருந்தபோது கிடைத்தது. மக்கள்தொகை பெருகப் பெருக உணவு போதாமல் போகும் என்று மால்தஸ் என்ற பொருளியல் அறிஞர் எழுதியது வாலஸின் நினைவுக்கு வந்தது. விலங்குகள் இன்னும் வேகமாகப் பெருகுகின்றனவே. அவற்றில் பெரும்பாலானவை மடிகின்றன. எவை மடிகின்றன, எவை பிழைக்கின்றன?

இதை நம் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு தடவையில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். எல்லாம் பிழைத்தால் சில மாதங்களில் இந்தத் தீவில் நாம் மூச்சுவிட முடியாது. பெரும்பாலானவை செத்துப்போகின்றன. நூறும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. புளோக்கின் கீழே மருந்துப் புகை அடிக்கும்போது, தொண்ணூற்றெட்டு விழுந்து இரண்டு தப்பிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டும் முட்டையிடுகின்றன. அவற்றின் தாங்கும் தன்மை குஞ்சுகளுக்கும் போகிறது. மறுபடி புகை, மறுபடி அதே கணக்கு. சில தலைமுறைகளில் பழைய மருந்து பலிப்பதில்லை.

“கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது” என்று நாம் சொல்கிறோம். எந்தத் தனிக் கொசுவும் பழகவில்லை, ஐயா. தாங்க முடியாதவை செத்தன, முன்பே தாங்கும் தன்மையோடு பிறந்தவை பெருகின. மாறியது கொசுக்கூட்டம். வேறுபாடு, அது பிள்ளைகளுக்குப் போவது, எல்லாராலும் பிழைக்க முடியாத நெருக்கடி: இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், தேர்வு தானாக நடக்கும். தேர்ந்தெடுக்க ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

வாலஸ் இதை எழுதி டார்வினுக்கே அனுப்பினார். டார்வினோ 1838 முதல் இதே எண்ணத்தை வளர்த்து, 1844இல் நீண்ட கட்டுரையாகவும் எழுதி, வெளியிடாமல் வைத்திருந்தவர். கடிதத்தைப் படித்துத் திகைத்துப்போனார். லையெல், ஹூக்கர் என்ற இரு நண்பர்களின் ஏற்பாட்டில், 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. வாலஸ் அப்போது நியூகினியில் இருந்தார். தம் எழுத்து வாசிக்கப்படுவதே அவருக்குத் தெரியாது. டார்வினும் வரவில்லை, குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். மறு ஆண்டு டார்வினின் பெரும் நூல் வந்தது. பெயர் டார்வினுக்குப் போயிற்று என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. இருபது ஆண்டுகள் சான்று திரட்டிய உழைப்பு டார்வினுடையது. வாலஸும் கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

நம் மேடைகளில் வேறொரு பேச்சும் கேட்கிறது: உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை நம் முன்னோர் பிரித்தார்களே, அதுதான் பரிணாமம் என்று. அந்தப் பாகுபாடு நமக்குப் பெருமைதான். ஆனால் உயிர்களை வகைப்படுத்துவது வேறு, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிக் கிளைத்தது என்று காரணம் காட்டுவது வேறு. இல்லாததை ஏற்றிச் சொல்லி நம் முன்னோரை உயர்த்த வேண்டிய தேவை இல்லை.

1856இல் வாலஸ் சிங்கப்பூரிலிருந்தே பாலித் தீவுக்குக் கப்பலேறினார். பாலியில் குக்குறுவான் என்ற பறவையும் மரங்கொத்தியும் இருந்தன. சிறு நீரிணையைத் தாண்டி லொம்போக் போனால் அவை அவர் கண்ணில் படவில்லை, வெள்ளைக் கொண்டைக்கிளிகள் இருந்தன. இடையில் ஆழ்கடல். கடல்மட்டம் தாழ்ந்த காலத்திலும் அங்கே தரைவழி உண்டாகவில்லை. அதனால் இரு பக்க உயிர்களும் தனித்தனியாக வளர்ந்தன. நம் ஊர் மரங்களில் கூச்சலிடும் கொண்டைக்கிளிகள் கூண்டுப் பறவைகளாகக் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. குக்குறுவான்களில் சில இந்த மண்ணில் இயல்பாகவே வாழ்பவை.

டார்வின், வாலஸ் இருவருக்கும் பிடிபடாத கேள்வி ஒன்று இருந்தது: வேறுபாடு எங்கிருந்து வருகிறது, பிள்ளைக்கு எப்படிப் போகிறது? மெண்டல் என்ற துறவி தம் பட்டாணிச் செடிகளில் பண்புகள் வழிவழியாகப் போவதைப் பற்றி 1866இல் வெளியிட்டது 1900 வரை யாராலும் சரியாகக் கவனிக்கப்படவில்லை. மரபணுவைத் தாங்கும் டிஎன்ஏவின் அமைப்பு 1953இல்தான் தெரிந்தது. இன்று அந்தக் கொசுவையே எடுத்து, அது ஏன் பிழைத்தது என்று படிக்க முடிகிறது. புகையிலுள்ள பைரித்ராய்டு மருந்து, கொசுவின் நரம்பில் சோடியம் நுழையும் வாயிலைப் பற்றிக்கொண்டு மூடவிடாமல் செய்யும். நரம்பு ஓயாமல் துடித்துக் கொசு சாகும். மருந்தைத் தாங்கும் கொசுக்கள் சிலவற்றில் அந்த வாயிலைக் கட்டும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் மருந்துக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. அத்தகைய கொசுக்களைச் சிங்கப்பூரிலும் கண்டறிந்திருக்கிறார்கள்.